கவர் லெட்டர் எழுதுவது எப்படி? வேலை தேடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லூரிக் கடைசி வருடத்தில் இருப்பவர்கள், வேலை மாற நினைப்பவர்கள், சில வருட இடைவெளிக்குப் பிறகு மறுபடி வேலைக்கு வருபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. சென்னை, கோவை, திருப்பூர் போன்ற ஊர்களில் உள்ள சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும்போது எழும் கேள்விகளே இதில் அதிகம்.

ரெஸ்யூமேயிலேயே எல்லாம் இருக்கிறதே, தனியாக ஒரு கடிதம் எதற்கு?

ரெஸ்யூமே நீங்கள் இதுவரை என்னென்ன செய்தீர்கள் என்று சொல்லும். அதில் எது இந்த வேலைக்கு உதவும் என்று சொல்லாது. பத்து இடத்துக்கு அனுப்பினாலும் ரெஸ்யூமே பெரும்பாலும் ஒன்றுதான். கடிதம் அப்படி இருக்கக் கூடாது. இந்த நிறுவனம், இந்தக் காலியிடம், இதைப் படிக்கப் போகிற மனிதர், இந்த மூன்றையும் பார்த்து எழுதப்படுவதுதான் கவர் லெட்டர். நிறுவனத்தின் பெயரை மாற்றிவிட்டு அதே கடிதத்தை இன்னொரு இடத்துக்கும் அனுப்ப முடிகிறது என்றால், அது இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை என்று அர்த்தம்.

எல்லா வேலைக்கும் இது தேவையா?

இல்லை. டி.என்.பி.எஸ்.சி. போன்ற அரசுத் தேர்வுகளுக்கு ஆன்லைன் படிவம்தான், கடிதத்துக்கு அங்கே வேலையே இல்லை. கேம்பஸ் இன்டர்வியூவிலும் வாக்-இன்னிலும் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். பெரிய ஐ.டி. நிறுவனங்களின் போர்ட்டலில் கடிதத்துக்கு இடம் இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் கவலைப்பட வேண்டாம்.

கடிதத்துக்கு உண்மையான மதிப்பு இருக்கும் இடங்கள் வேறு. ஐம்பது, நூறு பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் முதலாளியோ மேனேஜரோ தானே மெயிலைத் திறந்து படிப்பார். தனியார் பள்ளி, கல்லூரி, தொண்டு நிறுவனம், பத்திரிகை, ஆராய்ச்சி உதவியாளர் பணி, வெளிநாட்டு வேலை ஆகியவற்றிலும் கடிதத்தைப் படிக்கிறார்கள். உங்கள் படிப்புக்கும் விளம்பரத்தில் கேட்ட தகுதிக்கும் நேரடித் தொடர்பு இல்லாதபோது, அந்த இடைவெளியை விளக்க உங்களுக்கு இருக்கும் ஒரே இடம் இதுதான்.

நல்ல விண்ணப்பக் கடிதம் எப்படி இருக்கும்? உண்மையான உதாரணம் உண்டா?

நம் ஊரிலேயே உண்டு. 1912 பிப்ரவரி 9-ம் தேதி திருவல்லிக்கேணியிலிருந்து ஓர் இளைஞர் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். உங்கள் அலுவலகத்தில் ஒரு கிளார்க் வேலை காலியாக இருப்பதாக அறிகிறேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்பது முதல் விஷயம். மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. (பட்டப்படிப்புக்கு முந்தைய அந்தக் காலக் கல்லூரிப் படிப்பு) வரை படித்தேன், சில எதிர்பாராத சூழ்நிலைகளால் மேலே படிக்க முடியவில்லை என்பது அடுத்தது. அதன்பின், என் நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டு வருகிறேன் என்றார். வேலை கொடுத்தால் சரியாகச் செய்வேன் என்ற நம்பிக்கை இருக்கிறது என்று சொல்லி முடித்துவிட்டார். பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட், இவருக்குக் கணிதத்தில் அசாதாரணத் திறமை இருக்கிறது என்று கொடுத்த சிபாரிசையும் இணைத்திருந்தார். மார்ச் 1-ம் தேதி வேலையில் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். அவர் சீனிவாச ராமானுஜன்.

கடிதத்தின் பணிவான மொழி அந்தக் காலத்துக்கு உரியது, அதை இன்று பின்பற்ற வேண்டாம். ஆனால் அவர் எதைச் சொன்னார், எதை விட்டார் என்று பாருங்கள். எந்த வேலை என்று முதலிலேயே சொன்னார். எஃப்.ஏ. தேறாததை மறைக்காமல், அதற்காகப் புலம்பாமல், ஒரே வாக்கியத்தில் கடந்தார். அந்த இடைவெளியில் என்ன செய்தார் என்று சொன்னார். தன் திறமையைத் தானே புகழாமல், அதை அறிந்த ஒருவரின் எழுத்தை இணைத்தார்.

அடுத்த வருடம், 1913 ஜனவரி 16 அன்று, அதே மனிதர் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார். அதில் தான் துறைமுக அலுவலகத்தில் ஒரு சாதாரண கிளார்க் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, பக்கம் பக்கமாகத் தேற்றங்களை இணைத்தார். துறைமுகத்துக்குப் போன கடிதத்தில் ஒரு தேற்றம்கூட இல்லை. அங்கே ஆள் எடுப்பவருக்குக் கணக்குப் பேரேட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் தேவை, ஹார்டிக்குத் தேவைப்பட்டது வேறு. படிப்பவர் மாறினால் கடிதமும் மாற வேண்டும் என்பதற்கு இந்த இரண்டையும் விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

எழுத உட்காருவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

விளம்பரத்தை நிதானமாகப் படியுங்கள். நான்கைந்து தகுதி கேட்டிருப்பார்கள். அதில் எது உயிர்நாடி, எது சும்மா சேர்த்தது என்று யோசியுங்கள். முதலில் எழுதியது, இரண்டு முறை வருவது, ‘கட்டாயம்’ என்று சொன்னது ஆகியவைதான் பெரும்பாலும் முக்கியம். அப்புறம் நிறுவனத்தின் இணையதளத்தில் பத்து நிமிடம் செலவிடுங்கள். என்ன தயாரிக்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள், புதிதாகக் கிளை திறந்திருக்கிறார்களா என்று பாருங்கள். அங்கே வேலை பார்ப்பவர் யாராவது தெரிந்தவராக இருந்தால் ஒரு போன் போடுங்கள். “இந்த இடம் ஏன் காலியாச்சு?” என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில், விளம்பரத்தில் இல்லாத நிறைய விஷயங்களைச் சொல்லிவிடும்.

முதல் வரியில் என்ன எழுதுவது?

எந்த வேலை, நீங்கள் யார், ஏன் உங்களைப் பார்க்க வேண்டும், இந்த மூன்றும் முதல் இரண்டு வாக்கியங்களில் வந்துவிட வேண்டும். “புகழ்பெற்ற தங்கள் நிறுவனத்தில் பணிபுரிந்து என் திறமைகளை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்” என்ற வரியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது ரெஸ்யூமேயின் கெரியர் ஆப்ஜெக்டிவ் பகுதியிலிருந்து பல வருடங்களாகக் கை மாறி வரும் வரி. ஆள் எடுப்பவர் தன் வேலை நடக்க வழி தேடுகிறார். அவரிடம் போய் உங்கள் வளர்ச்சியை முதல் வரியாகச் சொன்னால் காதில் ஏறாது.

நடுப்பகுதியில் என்ன இருக்க வேண்டும்? ஒரு மாதிரி தர முடியுமா?

இங்கேதான் பெரும்பாலான கடிதங்கள் தோற்கின்றன. “கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவாகப் பணியாற்றத் தெரிந்தவர்” என்று எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மையாகவே அப்படிப்பட்டவர்களும் அப்படி எழுதுவதுதான் வருத்தம், அவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாமல் போகிறது. குணத்தைச் சொல்லாமல் செய்த வேலையைச் சொல்லுங்கள். குணம் அதிலிருந்து தானாகத் தெரியும்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். டாலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தெரிய வேண்டும், ஏற்றுமதிக் கணக்கு அனுபவம் இருந்தால் நல்லது என்கிறது விளம்பரம். விண்ணப்பிப்பவர் பி.காம். முடித்து ஈரோட்டில் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் இருப்பவர். விவரங்கள் கற்பனை, எழுதும் முறையை மட்டும் கவனியுங்கள் (ஜிஎஸ்டிஆர் என்று வருபவை ஜிஎஸ்டி கணக்குக்கான படிவங்களும் அறிக்கைகளும்):

> மதிப்பிற்குரிய அக்கவுண்ட்ஸ் மேனேஜர் அவர்களுக்கு,
>
> தங்கள் நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். 14 வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி வேலை என் பொறுப்பில் இருக்கிறது. அவர்களில் மூவர் ஜவுளித் தொழிலில் இருப்பவர்கள்.
>
> மாதாந்திரத் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி முடித்துவிடுவேன். கொள்முதல் பில்களை ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சப்ளையரிடம் பேசி ஏற்றச் செய்வதும் நான்தான். பதிவுகள் எல்லாம் டாலி பிரைமில். ஓர் ஏற்றுமதி வாடிக்கையாளருக்கு ஷிப்பிங் பில்களையும் இன்வாய்ஸ்களையும் சரிபார்த்து ரீஃபண்ட் விண்ணப்பம் தயாரிப்பதில் சீனியருக்கு உதவியிருக்கிறேன். அந்த வேலையை முழுவதுமாகத் தனியாகச் செய்ததில்லை. எந்தெந்த ஆவணம் தேவை, பொதுவாக எங்கே தவறு வரும் என்பது தெரியும்.
>
> ஆடிட்டர் அலுவலகத்தில் பில்கள் எங்களிடம் வரும்போது மாதம் முடிந்திருக்கும். பில் போடும் இடத்திலேயே இருந்து கணக்கைப் பார்த்துக்கொள்ள விரும்புகிறேன், அதனால்தான் இந்த வேலையைத் தேர்ந்தெடுத்தேன். 30 நாள் நோட்டீஸில் சேர முடியும். திருப்பூரிலேயே தங்கிக்கொள்வேன்.
>
> நேரில் வந்து பேச வாய்ப்புத் தந்தால் மகிழ்வேன்.

இதில் ‘நேர்மையானவன்’ என்ற சொல்லே இல்லை. ரீஃபண்ட் வேலையைத் தனியாகச் செய்ததில்லை என்ற வரியைப் படிக்கும் மேனேஜர், மற்ற வரிகளையும் நம்புவார். தேதிகளைச் சொன்னதும் இவருக்கு மாதாமாதம் வரும் கெடு தேதிகளின் பரபரப்பு பழக்கம் என்று புரிந்துகொள்வார். எங்கே தங்குவார் என்ற விவரம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஷிப்மென்ட் நேரத்தில் ராத்திரி வரை இருக்க வேண்டிய தொழிலில் அது கேட்காமலே மனதில் ஓடும் கேள்வி.

எனக்கு அனுபவமே இல்லை. எதை எழுதுவது?

சம்பளம் வாங்கிச் செய்ததுதான் அனுபவம் என்று நினைக்காதீர்கள். ஃபைனல் இயர் ப்ராஜெக்டில் நீங்கள் செய்த பகுதி எது? நால்வர் சேர்ந்து செய்திருப்பீர்கள், உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள். கல்லூரி விழாவுக்கு ஸ்பான்சர் பிடித்தது விற்பனை வேலைக்கு நேரடியாகப் பொருந்தும். அப்பாவின் மளிகைக்கடையில் லீவு நாட்களில் ஸ்டாக் நோட்டு எழுதியிருந்தால், ஸ்டோர்ஸ் வேலைக்கு அதைத் தாராளமாகச் சொல்லலாம். நிறையப் பேர் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட இதில் எதுவுமே இல்லை. வீட்டு டியூஷன் எடுத்தது, என்.எஸ்.எஸ். முகாமில் சமையல் கணக்கைப் பார்த்துக்கொண்டது எல்லாமே பொறுப்பு சம்பந்தப்பட்டவைதான். எத்தனை பேர், எவ்வளவு காலம், என்ன நடந்தது என்று விவரத்தோடு சொன்னால் போதும்.

அரியர் இருந்தது, நடுவில் மூன்று வருடம் போட்டித் தேர்வுக்குப் படித்தேன். இதையெல்லாம் சொல்ல வேண்டுமா?

ரெஸ்யூமேயில் வருடங்கள் தெரியும். அதனால் படிப்பவருக்குக் கேள்வி வரத்தான் செய்யும். அதற்கு நீங்களே ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லிவிடுவது நல்லது. “2021 முதல் 2024 வரை குரூப் 2 தேர்வுக்குத் தயாரானேன். இப்போது தனியார் துறையில் நிரந்தரமாக வேலை செய்யத் தீர்மானித்திருக்கிறேன்.” இவ்வளவுதான். இரண்டாவது வாக்கியம் கட்டாயம் வேண்டும். அடுத்த நோட்டிஃபிகேஷன் வந்ததும் போய்விடுவாரோ என்பதுதான் அவர்களுடைய பயம். உண்மையில் இன்னும் எழுதும் எண்ணம் இருந்தால் அந்த வாக்கியத்தை எழுதாதீர்கள், பொய்யாகிவிடும். தேர்வுக்கு மட்டும் தயாரானதாகச் சொல்லுங்கள், கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

அரியரைப் பற்றிக் கடிதத்தில் சொல்லத் தேவையில்லை. எல்லாவற்றையும் முடித்து டிகிரி வாங்கியாகிவிட்டது என்றால் அது முடிந்த கதை. விளம்பரத்தில் ‘நோ ஸ்டாண்டிங் அரியர்’ என்று போட்டிருந்து, உங்களுக்கு இன்னும் பேப்பர் பாக்கி இருந்தால், அது எப்போது முடியும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

குழந்தை வளர்ப்பு, பெற்றோரின் உடல்நலம் என்று வேலையை விட்டு நின்ற பெண்கள் கடிதத்தில் மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதுகிறார்கள். வேண்டாம் அம்மா. நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. “குழந்தை வளர்ப்புக்காக நான்கு ஆண்டுகள் விலகியிருந்தேன், இப்போது முழுநேர வேலைக்குத் தயார்” என்று நிமிர்ந்து எழுதுங்கள். அந்தக் காலத்தில் தொழில் மாறியிருந்தால், அதைத் தெரிந்துகொள்ள என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். அதற்கு மேல் விளக்கம் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

எவ்வளவு நீளம் இருக்கலாம்?

ஒரு பக்கம். ஆங்கிலத்தில் 250 முதல் 350 சொற்கள். மெயிலிலேயே எழுதினால் இன்னும் குறைவாக.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

விளம்பரம் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில். தமிழாசிரியர், தமிழ்ப் பத்திரிகை, உள்ளூர்த் தொண்டு நிறுவனம் என்றால் தமிழில் எழுதுவது இயல்பு. பள்ளியில் படித்த அனுப்புநர், பெறுநர், பொருள், ‘இப்படிக்கு’ என்ற அமைப்பு காகிதக் கடிதத்துக்கு இன்றும் சரிதான்.

ஆங்கிலத்தில் எழுதும்போது, தெரிந்த சொற்களிலேயே சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். கனமான சொற்களைத் தேடிப் போட்டால் எங்காவது ஓரிடத்தில் இடறும். இன்டர்வியூவில் நீங்கள் பேசும் ஆங்கிலமும் கடிதத்தின் ஆங்கிலமும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். முடித்ததும் சத்தமாக ஒரு தடவை படித்துப் பாருங்கள். நாக்கு தடுமாறும் இடத்தைத் திருத்துங்கள்.

சாட்ஜிபிடியை வைத்து எழுதலாமா?

எழுத்துப்பிழை, இலக்கணம் பார்க்கவும் நீளத்தைக் குறைக்கவும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் “இந்த வேலைக்கு ஒரு கவர் லெட்டர் எழுது” என்று மட்டும் கேட்டால், உங்களைப் பற்றி அதற்கு எதுவுமே தெரியாது என்பதால் யாருக்கும் பொருந்தும் கடிதம்தான் வரும். அதே விளம்பரத்துக்கு இன்னும் பல பேர் அதே மாதிரிக் கடிதத்தை அனுப்பியிருப்பார்கள். முதலில் நீங்கள் செய்த வேலைகளைத் தமிழிலேயே பத்து வரி எழுதுங்கள். அதைக் கொடுத்து ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாத எதையும் அது சேர்த்திருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். செய்யாத வேலையைச் செய்ததாக ஒரு வரி வந்தாலும் இன்டர்வியூவில் மாட்டிக்கொள்ளப் போவது நீங்கள்தான்.

யார் பெயருக்கு எழுதுவது?

பெயர் தெரிந்தால் பெயர் போட்டு எழுதுங்கள், எழுத்துக்கூட்டலைச் சரிபாருங்கள். தெரியாவிட்டால் பதவியைக் குறிப்பிட்டு எழுதலாம். ‘ஐயா’ என்று மட்டும் போடாமல் ‘ஐயா / அம்மையீர்’ என்று போடுங்கள், படிப்பவர் பெண்ணாக இருக்கலாம்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் விண்ணப்பிக்கிறேன். அவர் பெயரைப் போடலாமா?

அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். முதல் பத்தியிலேயே, அவர் எந்தப் பிரிவில் இருக்கிறார், உங்களை எப்படித் தெரியும் என்பதோடு சொல்லுங்கள். “என் சித்தப்பா உங்கள் முதலாளிக்கு வேண்டியவர்” என்ற தொனி வந்தால், கடிதத்தைப் படிக்கும் மேனேஜருக்கு முதலிலேயே கசந்துவிடும். உங்கள் வேலையை நேரில் பார்த்தவரின் பெயருக்குத்தான் மதிப்பு.

சம்பள எதிர்பார்ப்பை எழுத வேண்டுமா?

கேட்டிருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் நேரில் பேசிக்கொள்ளலாம். நோட்டீஸ் பீரியடைக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது நல்லது.

மெயிலில் எப்படி அனுப்புவது? சிலர் வாட்ஸ்அப் நம்பர் மட்டும் கொடுக்கிறார்களே?

தனியாக இணைக்கச் சொல்லியிருந்தால் பி.டி.எஃப். ஆக இணையுங்கள். அப்படிச் சொல்லாவிட்டால் மெயிலின் உடலிலேயே கடிதத்தை எழுதி, ரெஸ்யூமேயை மட்டும் இணையுங்கள். வெறும் மெயிலில் ரெஸ்யூமேயைத் தொங்கவிட்டு அனுப்பாதீர்கள். சப்ஜெக்ட்டில் பதவியின் பெயரும் உங்கள் பெயரும் இருக்கட்டும். ஃபைலுக்கும் உங்கள் பெயரையே வையுங்கள். ‘நியூ ஃபைனல் 2’ என்று வந்து சேரும் ஃபைலை டவுன்லோட் செய்த பிறகு யாருடையது என்று தேட வேண்டியிருக்கும்.

வாட்ஸ்அப்பில் ‘ஹாய் சார்’ என்று அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். எந்த வேலை, பெயர், ஊர், படிப்பு, அனுபவம், எப்போது சேர முடியும், இவையெல்லாம் ஐந்தாறு வரிகளில் ஒரே மெசேஜாக, கூடவே ரெஸ்யூமே. அலுவலக நேரத்தில் அனுப்புங்கள்.

எதையெல்லாம் எழுதவே கூடாது?

ஆதார் எண், பான் எண், வங்கி விவரம். விண்ணப்ப நிலையில் இவை யாருக்கும் தேவையில்லை. வேலைக்காக முன்பணம் கேட்பவர்களிடமிருந்தும் விலகி நில்லுங்கள். சாதி, மதம், தந்தையின் தொழில், திருமண நிலை எல்லாம் பழைய பயோடேட்டாவின் மிச்சம். அமெரிக்கா, கனடா, பிரிட்டனுக்கு அனுப்பும்போது வயதும் புகைப்படமும்கூட வேண்டாம். பழைய நிறுவனத்தைப் பற்றிய குறைகளும், குடும்பக் கஷ்டமும் கடிதத்தில் வர வேண்டாம். கஷ்டம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைப் படிப்பவர் இரக்கப்படுவாரே தவிர, உங்களால் அந்த வேலையைச் செய்ய முடியுமா என்ற அவருடைய கேள்வி அப்படியே நிற்கும்.

அனுப்பிப் பத்து நாளாகியும் பதில் இல்லை. மறுபடி எழுதலாமா?

எழுதலாம். ஒரு வாரம், பத்து நாள் கழித்து, அதே மெயிலுக்கு ரிப்ளையாக மூன்று வரி எழுதுங்கள்: எந்த வேலைக்கு எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள், இன்னும் ஆர்வமாக இருக்கிறீர்கள், வேறு விவரம் ஏதாவது தேவையா. பழைய மெயில் கீழே இருப்பதால் அவர் தேட வேண்டியதில்லை. இதற்கும் பதில் வராவிட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த விளம்பரத்துக்கான கடிதத்தைத் தொடங்குங்கள். விளம்பரத்தில் கடைசித் தேதி கொடுத்திருந்தால் அது முடியும் வரை பொறுங்கள், அதற்கு முன் யாரும் ஃபைலைத் திறந்தேகூட இருக்க மாட்டார்கள்.